வாரம் மூன்று நாள் போதும். விடாமல் செய்வதுதான் முக்கியம்

இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாமல் வாழ்கிறார்கள் என்று ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் 2024-ல் வெளியான ஆய்வு எச்சரித்தது. அதே காலத்தில் சிற்றூர்களில்கூட ஜிம்கள் பெருகியிருக்கின்றன. ஆனால், ‘வாரத்துக்கு ஆறு நாள் வரணும்’ என்ற நிபந்தனையோடு சேர்பவர்களில் பலர் சில வாரங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். உடம்பை அசைக்காதவர்கள் ஒருபுறம், தொடக்கத்திலேயே வருத்திக்கொண்டு ஓய்ந்துபோகிறவர்கள் மறுபுறம். இரு தரப்பும் அறியவேண்டியது ஒன்றுதான்: புதிதாகத் தொடங்குபவருக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் எடைப்பயிற்சி போதும். அதை மாதக்கணக்கில் விடாமல் செய்தால் தசை தானாக வளரும்.

இதை நெய்வேலியை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1956-ல் நிலக்கரி நிறுவனம் (இன்றைய என்எல்சி இந்தியா) தொடங்கப்பட்டு, 1961-ல் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட ஊர் இது. உடல் வலிமையை நம்பிப் பிழைப்பு தேடி வந்தவர்களால் உருவான நகரியம். இன்று மண்ணை வெட்டுவது ராட்சத சக்கர இயந்திரம். கரியைச் சுமப்பது கன்வேயர் பெல்ட். நிரந்தரப் பணியாளர்களில் கணிசமானோர் கட்டுப்பாட்டு அறையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்தபடி வேலை செய்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களோ இன்றும் வெயிலில் உடம்பால் உழைக்கிறார்கள். உட்கார்ந்தே இருப்பவர், ஓயாமல் உழைப்பவர், போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பக்கத்துக் கிராமத்து இளைஞர், ஐடிஐ முடித்து அப்ரன்டிஸாக வந்த பையன், ஓய்வுபெற்ற பெரியவர் என எல்லாரும் ஒரே ஊரில் வசிக்கிறார்கள். எல்லாருக்கும் தசை வேண்டும். ஆனால், எல்லாருக்கும் ஒரே அட்டவணை பொருந்தாது.

தசை எதற்கு?

எடை தூக்குவது ‘பாடி ஏத்த’ ஆசைப்படும் வாலிபர்களின் வேலை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இதைத்தான் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சோறு, இட்லி, தோசை எனச் சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவில் உறிஞ்சிக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் அந்தச் சர்க்கரை போய்ச் சேர இடமில்லாமல் ரத்தத்திலேயே சுற்றும். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் 2023-ல் மதிப்பிட்டது. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025-ல் வந்த கட்டுரை, நாம் பெறும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது. மாவுச்சத்தை இவ்வளவு உண்கிற மக்களுக்குத் தசை வேண்டியது அழகுக்காக அல்ல, ஆரோக்கியத்துக்காக.

வயதும் ஒரு காரணம். 30 வயதைக் கடந்த பிறகு, ஒன்றும் செய்யாமல் இருந்தால் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை கரைகிறது. 60-ஐத் தாண்டினால் கரையும் வேகம் கூடுகிறது. தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாமல் தவிப்பதும், குளியலறையில் வழுக்கினால் சமாளித்து நிற்க முடியாமல் இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் இதன் விளைவுகளே.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, எல்லா முக்கியத் தசைகளுக்கும் வேலை தரும் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாவது செய்ய வேண்டும் என்கிறது. முதல் பாதியை நாம் ஓரளவு கேட்டுக்கொண்டோம். நெய்வேலியின் நிழல் படர்ந்த சாலைகளில் காலையும் மாலையும் நடப்பவர்களுக்குக் குறைவில்லை. தமிழக அரசும் 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை மாவட்டந்தோறும் தொடங்கியது. இரண்டாம் பாதியான தசைப்பயிற்சி மட்டும் யார் காதிலும் விழவில்லை.

ஆறு நாள் அட்டவணையின் கதை

முதல் முறையாக ஜிம்மில் சேரும் ஒருவரின் முதல் வாரம் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. திங்கள்கிழமை நெஞ்சு. மாஸ்டர் நான்கு விதமான பயிற்சி சொல்கிறார். ஒவ்வொன்றும் நான்கு செட். செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால், சனி வயிறு. புதன்கிழமை காலையில் தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கால் பயிற்சி முடித்தவருக்குச் சனிக்கிழமை மாடிப்படி இறங்குவதே வேதனை. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் விடுகிறார். மூன்றாம் வாரத்தில் ஷிஃப்ட் மாறுகிறது. நான்காம் வாரத்தில் கட்டிய பணம் மட்டும் ஜிம்மில் இருக்கிறது.

ஒரு நாளைக்கு ஓர் உறுப்பு என்ற இந்த முறை, ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்து போட்டிக்குப் போகும் ஆணழகர்களிடமிருந்து வந்தது. அவர்கள் உடம்பு அந்தச் சுமைக்குப் பழகியது. புதியவர் அதைச் செய்தால் இரண்டு வகையில் நட்டம். ஒன்று, ஒரே நாளில் தாங்க முடியாத வேலை கொடுத்து நெஞ்சுத் தசையைக் கிழித்துவிட்டு, அதை ஏழு நாள் சும்மா போடுகிறார். இரண்டு, ஒரு நாள் தவறினால் அந்த உறுப்புக்கு அடுத்த வாய்ப்பு பதினான்காம் நாளில்தான்.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 என அடுத்தடுத்த இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அப்படிப்பட்ட வீரர்கள் நாள்தோறும் பயிற்சி செய்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் சிறுவயது முதல் படிப்படியாகக் கூட்டிய உழைப்பும், உடனிருந்து திருத்தும் பயிற்சியாளரும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஊக்கம் பெறலாம். அவர்கள் அட்டவணையை முதல் நாளே எடுத்துக்கொள்ளக் கூடாது.

தசை வளர்வது ஓய்வில்

எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை. ‘இன்னும் பலம் வேண்டும்’ என்ற செய்தி மட்டுமே அதற்குப் போகிறது. வளர்ச்சி நடப்பது அடுத்து வரும் ஒன்றிரண்டு நாள்களில், உண்ட உணவையும் உறங்கிய நேரத்தையும் கொண்டு. புதிதாகப் பூசிய சுவருக்குத் தண்ணீர் தெளித்து இறுகவிடாமல் மறுநாளே அதன்மேல் பாரம் ஏற்றுகிற கொத்தனார் கிடையாது. தசைக்கும் இறுக நேரம் வேண்டும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995-ல் இதை அளந்து பார்த்தார்கள். கடினமாக எடை தூக்கிய கையில், தசைக்கான புரதம் உருவாகும் வேகம் 24 மணி நேரத்துக்குப் பிறகு இரு மடங்குக்கும் மேல் இருந்தது. 36 மணி நேரத்தில் ஏறத்தாழ இயல்புக்குத் திரும்பிவிட்டது. இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒரே தசையை வாரத்துக்கு ஒரு முறை மட்டும் வேலை வாங்கினால், மீதி நாள்களில் அது வளர்ச்சியின்றிச் சும்மா கிடக்கிறது. நாள்தோறும் வேலை வாங்கினால், பழுதுபார்க்கும் வேலை முடிவதற்குள் அடுத்த அடி விழுகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது இரண்டுக்கும் நடுவே அமைந்த நல்ல கணக்கு.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-ல் வெளியிட்ட நிலைப்பாடும் புதியவர்களுக்கு வாரம் இரண்டு முதல் மூன்று நாள், முழு உடலுக்கும் பயிற்சி என்றே பரிந்துரைக்கிறது. தசை வளர்ச்சி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016-ம் ஆண்டு ஆய்வு, ஒரு தசைக்கு வாரம் ஒரு முறையைவிட இரு முறை பயிற்சி தருவது நல்லது என்றது. அதே ஆய்வாளர்கள் 2019-ல் இன்னும் விரிவாகப் பார்த்தபோது, வாரத்தில் செய்யும் மொத்த வேலை சமமாக இருந்தால், அதை எத்தனை நாளாகப் பிரித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். நாள்களைக் கூட்டுவதால் மட்டும் தசை கூடாது என்பதே இதன் பொருள். வேலை, வீடு, பயணம் எல்லாவற்றுக்கும் நடுவே எத்தனை நாளை உங்களால் ஓராண்டுக்கு விடாமல் காப்பாற்ற முடியுமோ, அத்தனை நாளே உங்களுக்குச் சரியான எண்ணிக்கை. பெரும்பாலோருக்கு அது மூன்று, சிலருக்கு இரண்டு.

ஒரு நாள் பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் ஐந்து அசைவுகள் போதும். ஒன்று, பஸ்கி: எடையோடு உட்கார்ந்து எழுவது. இரண்டு, முதுகை வளைக்காமல் இடுப்பை மடித்துத் தரையிலிருந்து தூக்குவது. மூன்று, தள்ளுவது: தண்டால் அல்லது பெஞ்ச் பிரஸ். நான்கு, இழுப்பது: குனிந்த நிலையில் டம்பல்ஸை விலாவை நோக்கி இழுத்தல் அல்லது கம்பியில் தொங்கி ஏறுதல். ஐந்து, தலைக்கு மேல் தூக்குவது. இந்த ஐந்தில் உடம்பின் எல்லாப் பெரிய தசைகளும் அடங்கிவிடும்.

ஒவ்வோர் அசைவுக்கும் முதல் இரண்டு வாரம் இரண்டு செட், பிறகு மூன்று செட். ஒரு செட்டுக்கு 8 முதல் 12 முறை. செட்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. உடம்பைச் சூடேற்றும் பத்து நிமிடத்தையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். செட்டின் முடிவில் ‘இன்னும் இரண்டு முறை தூக்கியிருக்கலாம்’ என்ற தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். நடுங்கி, முகம் சிவந்து, பக்கத்தில் நிற்பவர் கைகொடுத்துத் தூக்கிவிடும் நிலைக்குப் போவது புதியவருக்குத் தேவையில்லை.

அடுத்தது, எடையைக் கூட்டும் விதம். பெஞ்ச் பிரஸ்ஸில் 30 கிலோவை ஒருவர் மூன்று செட்டும் 8 முறை தூக்குகிறார் என்று கொள்வோம். எடையை மாற்றாமல் அடுத்தடுத்த நாள்களில் எண்ணிக்கையை 9, 10 எனக் கூட்டி, மூன்று செட்டிலும் 12 வந்த பிறகு, இரு பக்கமும் ஒன்றேகால் கிலோ பிளேட் ஒவ்வொன்று சேர்க்க வேண்டும். இப்போது எடை 32.5 கிலோ. எண்ணிக்கை மறுபடி எட்டுக்கு இறங்கும். திரும்ப ஏற வேண்டும். இதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தால், மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது தன் வளர்ச்சி தன் கையெழுத்திலேயே தெரியும். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற படைவீரர்களைத் தேற்றுவதற்காக தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க மருத்துவர் 1940-களில் வகுத்த, படிப்படியாக எடையைக் கூட்டும் முறையே இதன் அடிப்படை. எண்பது ஆண்டுகள் கழித்தும் இதைவிட நல்ல வழி வரவில்லை.

முதல் ஆறு வாரத்தில் கண்ணாடியில் பெரிய மாற்றம் தெரியாது. தூக்கும் எடை மட்டும் கூடிக்கொண்டே போகும். நரம்புகள் தசையைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும் காலம் அது. கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி இரண்டு, மூன்று மாதத்தில் வரும். இந்த இடைவெளியில்தான் பலர் நம்பிக்கை இழந்து புரதப் பவுடர் டப்பாவின் பக்கம் போகிறார்கள்.

ஷிஃப்ட் ஊருக்கு ஏற்ற கணக்கு

நெய்வேலியில் வாழ்வது கிழமையை வைத்து அல்ல, ஷிஃப்டை வைத்து. காலை, மதியம், இரவு என மாறிக்கொண்டே இருக்கும் வேலையில் ‘தினமும் காலை ஆறு மணிக்கு’ என்ற கட்டளை நிற்காது. அதனால், கிழமையைக் கணக்கில் வைக்காமல் இடைவெளியைக் கணக்கில் வையுங்கள். கடைசியாகப் பயிற்சி செய்து 48 மணி நேரம் ஆகிவிட்டதா? அடுத்ததைச் செய்யலாம். நான்கு நாள் ஆகிவிட்டதா? இன்று கட்டாயம் செய்ய வேண்டும்.

இரவு ஷிஃப்ட் முடித்த கையோடு ஜிம்முக்குப் போவது தவறு. தூக்கம் கெட்ட உடம்பில் கவனம் குறையும், அடிபடும் வாய்ப்பு கூடும், தசையும் தேறாது. வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, சாப்பிட்ட பிறகு மாலையில் செய்யலாம். இரவு ஷிஃப்ட் வாரத்தில் இரண்டு நாள் போதும். ஒரு வாரம் ஒரே நாள்தான் முடிந்தது என்றாலும் கலங்க வேண்டாம். ஈட்டிய தசை அவ்வளவு சீக்கிரம் போய்விடாது; வாரம் ஒரு முறை செய்தாலே பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

உடம்பால் உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் ‘உங்களுக்கு எதற்கு ஜிம்?’ என்று கேட்பது வழக்கம். அவர்கள் வேலையில் ஒரே தோள், ஒரே குனிவு, ஒரே சுமை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. அது இடுப்பையும் முட்டியையும் தேய்க்கிறதே தவிர, உடம்பைச் சமச்சீராக வளர்ப்பதில்லை. அவர்களுக்கு வாரம் இரண்டு நாள், அதுவும் வேலை குறைவான நாளில் அல்லது வார விடுப்பில், முதுகுக்கும் தொடைக்கும் வலு தரும் பயிற்சி போதும். மூன்றாம் நாளைத் தூக்கத்துக்குக் கொடுப்பது மேல்.

காவலர் தேர்வுக்காக 1,500 மீட்டர் ஓட்டமும் கயிறு ஏறுதலும் நீளம் தாண்டுதலும் பழகும் இளைஞர்கள், ஓடும் நாளும் எடை தூக்கும் நாளும் ஒன்றையொன்று கெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் தசைக்குக் கடினமாகப் பயிற்சி தந்த மறுநாள் வேக ஓட்டம் வேண்டாம்.

பெண்களும் பெரியவர்களும்

எடை தூக்கினால் பெண்களுக்கு ஆண்களைப்போல உடம்பு முறுக்கேறிவிடும் என்ற பயம் ஆதாரமற்றது. அவ்வளவு தசை சேர்வதற்குரிய டெஸ்டோஸ்டிரோன் பெண்கள் உடலில் மிகக் குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்கில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்ற மீராபாய் சானு போட்டியிட்டது 49 கிலோ பிரிவில். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக மெலியும் பெண்களுக்கு, எலும்பை உறுதியாக்கும் எடைப்பயிற்சி ஆண்களைவிட அதிகமாகவே தேவை. பளு தூக்குவது நம் பெண்களுக்குப் புதிதும் அல்ல. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் பெண்களும் கல்லைத் தூக்குகிறார்கள்.

வயதானவர்களுக்கு ஒரு சான்று போதும். அமெரிக்காவில் முதியோர் இல்லம் ஒன்றில், சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கான எடைப்பயிற்சி கொடுத்தார்கள். வாரம் மூன்று நாள்தான். முழுமையாகச் செய்து முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது என்று 1990-ல் ஆய்வறிக்கை வந்தது. 90 வயதுக்கே இவ்வளவு பலன் என்றால், 60 வயதில் பணி ஓய்வு பெற்றவர் ‘இனி என்ன இருக்கிறது’ என்று சொல்ல நியாயமில்லை.

பவுடரும் ஊசியும்

புதியவருக்குக் கூடுதல் புரதம் தேவைதான். சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவு. எடைப்பயிற்சி செய்பவர்களுக்கு 1.6 கிராம்வரை பலன் தரும். அதற்கு மேல் சாப்பிட்டாலும் தசை வளர்ச்சி கூடுவதில்லை என்று 2018-ல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 96 கிராம்.

அதில் பெரும்பகுதியை நம் சமையலறையிலேயே எட்டலாம். மூன்று முட்டையில் 18 கிராம்; ஊறவைக்கும் முன் 100 கிராம் எடையுள்ள கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 19; அரை லிட்டர் பால் அல்லது தயிரில் 16; ஐம்பது கிராம் துவரம்பருப்பில் 11; ஒரு கை நிலக்கடலையில் 7. சோறும் இட்லியும் தருவதைச் சேர்த்தால் 90 கிராமை நெருங்கிவிடும். மீன் அல்லது கோழி சாப்பிடும் நாளில் இன்னும் எளிது. விருத்தாசலம் கடலை வண்டி வண்டியாக இறங்கும் பகுதியில் இருந்துகொண்டு, புரதத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பது தேவையற்றது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும், உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர்களை நாட வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பவுடர் பணத்தைக் கெடுக்கும் என்றால், ஊசி உயிரைக் கெடுக்கும். ஸ்டீராய்டு ஊசிகள் இதயத் தசையைத் தடிக்கச் செய்யும். விந்தணு உற்பத்தியை முடக்கும். அறுவைசிகிச்சையின்போது ரத்த அழுத்தம் சரிந்தால் மட்டும் போடவேண்டிய மெஃபென்டெர்மின் மருந்தை, ‘தெம்பு வரும்’ என்று சொல்லி இளைஞர்களுக்கு விற்கும் கொடுமையும் நடக்கிறது. இந்தக் குறுக்கு வழிகளுக்கெல்லாம் தூண்டுதல், மூன்று மாதத்தில் வரவேண்டியது மூன்று வாரத்தில் வரவேண்டும் என்ற அவசரம்.

பயம் தேவையில்லை, கவனம் தேவை

கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபரில் 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது, ஜிம்முக்குப் போவதே ஆபத்து என்ற அச்சம் பரவியது. உடற்பயிற்சி செய்யாமல் இருப்பதால் வரும் இதய நோய்தான் அதைவிடப் பல மடங்கு பெரிய ஆபத்து. ஆனால், சில எச்சரிக்கைகள் கட்டாயம். 40 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. தூக்கும்போது வெளியே விட்டு, இறக்கும்போது உள்ளே இழுக்க வேண்டும்.

நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடுமையான பயிற்சிக்கு மறுநாள் சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால், தசை நார்கள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கின்றன என்று பொருள். அதுவும் அவசர சிகிச்சைக்கு உரியது. கத்திரி வெயில் காலத்தில், காற்றோட்டமில்லாத தகரக் கூரையின் கீழ் பகலில் பயிற்சி செய்வதைத் தவிர்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

தனிநபர் உறுதியை மட்டும் நம்பி இது நடக்காது. செய்யக்கூடியவை இவை.

முதலாவதாக, ஜிம் உரிமையாளர்கள். புதியவர்களுக்கென்று வாரம் மூன்று நாள் அட்டவணையும், அதற்கேற்ற குறைந்த கட்டணமும் அறிவிக்க வேண்டும். சேரும்போதே வயது, நோய், மருந்து விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பயிற்சி சொல்லிக்கொடுப்பவரே பவுடர் விற்பவராகவும் இருக்கக் கூடாது.

இரண்டாவதாக, என்எல்சி இந்தியா நிறுவனம். பாரதி விளையாட்டரங்கம் போன்ற வசதிகள் நகரியத்துக்கு ஏற்கெனவே இருக்கின்றன. உடற்பயிற்சி வசதிகளின் நேரத்தை மூன்று ஷிஃப்டுக்கும் ஏற்றவாறு அமைத்து, பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கி, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் பாகுபாடின்றித் திறந்துவிட வேண்டும். சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த சுற்றுவட்டாரக் கிராமங்களில் எளிய எடைப்பயிற்சிக் கூடங்களை அமைக்கலாம். 2013 நிறுவனச் சட்டப்படி சமூகப் பொறுப்புக்காக லாபத்தில் ஒதுக்கும் இரண்டு சதவீதத்துக்கு இது பொருத்தமான செலவு. ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கைப்பிடி வலுவையும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, அரசு. 2016-ல் அறிவித்து ஊராட்சிகளில் கட்டிய உடற்பயிற்சிக் கூடங்கள் பல இடங்களில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பழுதுபார்ப்பதோடு, வாரம் மூன்று மாலைகளுக்காவது பயிற்சி பெற்ற ஒருவரைப் பணியமர்த்த வேண்டும். ஆள் இல்லாத கூடம் துருப்பிடிக்கத்தான் செய்யும். 2021 முதல் வீடு தேடிப் போகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள், மாத்திரையோடு சேர்த்து நாற்காலிப் பயிற்சியையும் கற்றுக்கொடுக்கலாம். பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும்.

நான்காவதாக, நீங்கள். ஜிம்முக்குப் போக வசதியில்லை என்றால் வீட்டிலேயே தொடங்குங்கள். மணல் நிரப்பிய பையோ தண்ணீர் நிரப்பிய குடமோ எடையாகும். தரையில் முடியாதவர் சுவரில் கையூன்றித் தண்டால் எடுக்கலாம். நாள்காட்டியில் இந்த வாரத்துக்கு மூன்று நாள்களைக் குறியுங்கள். நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். அடுத்த பன்னிரண்டு வாரத்துக்கு அந்த மூன்று நாள்களை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்ற நான்கு நாள்களில் நடங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். ஆறு நாள் வெறியோடு தொடங்கி ஆறு வாரத்தில் நிற்பவரைவிட, மூன்று நாள் நிதானத்தோடு மூன்று ஆண்டு தொடர்பவரின் உடம்பே தேறும்.